மான்ட்ரியல் 2024 ஆண்கள் பிரிவு: 227.79 புள்ளியும், பத்தொன்பதாம் இடத்திலிருந்து வந்த வெண்கலமும்

விளிம்புக்கோடு | 24 மார்ச் 2024

ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் ஆடும் கலைச்சறுக்கு) உலகச் சாம்பியன்ஷிப் ஆண்கள் பிரிவு முடிந்தது. பேச ஆரம்பிக்கும் முன் எண்களை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். ஷார்ட் என்பது முதலில் ஆடும் குறும் ஆட்டம், ஃப்ரீ என்பது அடுத்து வரும் நீண்ட ஆட்டம்; இரண்டையும் கூட்டினால் மொத்தம்.

தங்கம், இலியா மாலினின்: ஷார்ட் 105.97, ஃப்ரீ 227.79, மொத்தம் 333.76.
வெள்ளி, யூமா ககியாமா: 106.35, 203.30, மொத்தம் 309.65.
வெண்கலம், ஆடம் சியாவ் ஹிம் ஃபா: 77.49, 206.90, மொத்தம் 284.39.
நான்காம் இடம், ஷோமா உனோ: 107.72, 173.13, மொத்தம் 280.85.

ஷார்ட் முடிந்தபோது முதல் மூன்று பேருக்கும் நடுவே இருந்தது வெறும் 1.75 புள்ளி. ஃப்ரீ முடிந்தபோது முதல் இருவருக்கு நடுவே 24.11. ஃப்ரீ ஸ்கேட்டில் இதுவரை இருந்த உலகச் சாதனை நேதன் சென்னுடையது, 2019 கிராண்ட் பிரி இறுதியில் 224.92. அது போய்விட்டது. மொத்தப் புள்ளியில் அதே போட்டியில் சென் எடுத்த 335.30 மட்டும் 1.54 வித்தியாசத்தில் தப்பித்து நிற்கிறது.

---

நாலரைச்சுற்று | 24 மார்ச்

பார்த்து முடிச்சும் இன்னும் படபடப்பு அடங்கல. பத்தொன்பது வயசுப் பையன், ஒரே ஃப்ரீ ஸ்கேட்ல ஆறு குவாட் (நாலு சுற்றுத் தாவல்; ட்ரிபிள்னா மூணு சுற்று), ஒண்ணுகூடச் சிந்தல.

குவாட் ஆக்ஸல் 12.50, குவாட் லுட்ஸ் 11.50, குவாட் லூப் 10.50, குவாட் சால்கோ 9.70. இந்த நாலு வகைத் தனித் தாவல்லயே அடிப்படை மதிப்பு (தாவலுக்குன்னு முன்னாடியே குறிச்சு வச்ச புள்ளி) 44.20 வந்துடுது. அதுக்கப்புறம் இன்னொரு குவாட் லுட்ஸ், காம்பினேஷன்ல, அதாவது இறங்கின உடனே அடுத்த தாவலோட சேர்த்து. அப்புறம் குவாட் டோ லூப் + ட்ரிபிள் டோ லூப். கடைசியா ட்ரிபிள் லுட்ஸ்ல இறங்கி அப்படியே காலை மாத்தி ட்ரிபிள் ஆக்ஸல்.

அந்தக் கடைசி ரெண்டையும் கவனிங்க. ஃப்ரீயில கடைசி மூணு தாவல் அம்சத்துக்கு 10 சதவீதம் கூடுதல் உண்டு. குவாட் டோ + ட்ரிபிள் டோ 13.70, கூடுதலோட 15.07. ட்ரிபிள் லுட்ஸ் + ட்ரிபிள் ஆக்ஸல் 13.90, கூடுதலோட 15.29. குவாடே இல்லாத அந்தத் தொடர், குவாட் இருக்கற காம்பினேஷனைவிட அதிகமா தருது! 2022-23க்கு முன்னாடி ஆக்ஸலை இப்படித் தொடர்ல சேர்த்தா 80 சதவீதம்தான் கிடைக்கும், அப்போ இதே தாவல் 12.23தான். விதி மாறினதும் அதை முழுசா அறுவடை பண்றது இந்தப் பையன்தான்.

---

தாமரைத்தடம் | 24 மார்ச்

@நாலரைச்சுற்று, ஒரு சந்தேகம் சகோ. ஆறு குவாடில் லுட்ஸ் இரண்டு தடவை வருகிறது, ஃப்ளிப் ஒரு தடவைகூட இல்லை. திரும்பச் செய்வதற்கு வரம்பு இருக்கிறதே?

---

நாலரைச்சுற்று | 24 மார்ச்

இருக்கு. ட்ரிபிள், குவாட் எல்லாம் சேர்த்து ரெண்டு வகையை மட்டும்தான் ரெண்டாம் தடவை செய்யலாம். அந்த ரெண்டுல ஒண்ணுதான் குவாடா இருக்கலாம். ரெண்டு தடவையில ஒண்ணு காம்பினேஷன்லயோ தொடர்லயோ வரணும், ரெண்டுமே தனியா நின்னா இரண்டாவதுக்கு 70 சதவீதம்தான். அவர் ஒரு லுட்ஸைத் தனியாவும் இன்னொண்ணை காம்பினேஷன்லயும் வச்சதால பிரச்சினையே இல்ல. ஃப்ளிப் 11.00, லுட்ஸ் 11.50. திரும்பச் செய்ய இருக்கற ஒரே குவாட் வாய்ப்பை லுட்ஸுக்குக் கொடுத்தா அரைப் புள்ளி லாபம்.

---

பனிவாள் | 24 மார்ச்

குவாட் ஆக்ஸலின் விலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

மற்ற ஐந்து தாவல்களும் பின்னோக்கிப் போய்க்கொண்டே எழும்புபவை. ஆக்ஸல் ஒன்றுதான் முன்னோக்கி எழும்பி, பின்னோக்கி இறங்குவது. அதனால் ‘குவாட்’ என்று பெயர் இருந்தாலும் சுற்று நாலரை. லுட்ஸைவிட அரைச் சுற்று கூடுதல். அதற்கான கூடுதல் விலை ஒரே ஒரு புள்ளி. 2018க்கு முன் குவாட் ஆக்ஸல் 15.00, குவாட் லுட்ஸ் 13.60 என்று இருந்தது. இரண்டையும் இறக்கியதில் நடுவே இருந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது.

இப்போது தோல்வியின் விலையைப் பாருங்கள். முழுதாகச் சுற்றி விழுந்தால் ஜி.ஓ.இ. (செய்த தரத்துக்கு ஜட்ஜுகள் போடும் கூட்டல் கழித்தல்) மைனஸ் 5, அதாவது அடிப்படை மதிப்பில் பாதி போகும்: 12.50 கழித்தல் 6.25. விழுந்ததற்கு இன்னும் 1. கையில் நிற்பது 5.25. கால் சுற்றுக்கு மேல் குறைந்தும் விழுந்தால் மதிப்பே 10.00 ஆகி, அதில் பாதி போய், விழுந்த 1-உம் போய், 4.00தான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் யுசுரு ஹன்யூவின் குவாட் ஆக்ஸல் சரியாக இப்படித்தான் மதிப்பெண் தாளில் பதிவானது. அதே இடத்தில் ஒரு ட்ரிபிள் ஆக்ஸலை அழகாகப் போட்டு ஜி.ஓ.இ. பிளஸ் 3 வாங்கினால் 10.40. அறிவுள்ள எந்தப் பயிற்சியாளரும் ட்ரிபிளைத்தான் போடச் சொல்வார்.

ஆக, மாலினின் இதைச் செய்வது புள்ளிக் கணக்குக்காக அல்ல. கணக்கு அவருக்கு எதிராகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் லேக் பிளாசிடில் முதன்முதலாக இறக்கியதிலிருந்து அதை விடாமல் வைத்திருக்கிறார். அதற்காகவே அவருக்கு என் வணக்கம்.

---

தாமரைத்தடம் | 24 மார்ச்

நாலரைச் சுற்றில் எது தப்பாகிறது என்று கொஞ்சம் விளக்க முடியுமா? டிவியில் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல்தான் தெரிகிறது.

---

பனிவாள் | 24 மார்ச்

இடப்புறம் சுற்றுபவரை வைத்துச் சொல்கிறேன். வலது காலின் பின் வெளி விளிம்பில் சறுக்கி வருவார். அங்கிருந்து முன்னால் திரும்பி இடது காலின் முன் வெளி விளிம்பில் ஏறுவார். இடது முழங்கால் மடங்கும். வலது காலும் இரு கைகளும் பின்னாலிருந்து முன்னால் வீசி மேலே போகும். அந்த வீச்சுதான் உயரம். பிளேடு கொஞ்சம் சறுக்கி, முனைப் பற்கள் பனியைக் கடைசியாகத் தொட்டு விடும்போது உடல் நேராக நிற்க வேண்டும்.

தப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இடது தோள் அவசரப்பட்டு முன்பே திறந்துவிட்டால் சுற்றும் அச்சு சாய்ந்துவிடும். அச்சு சாய்ந்தால் சுற்றை முடித்தாலும் காலுக்கு மேல் உடம்பு இருக்காது, விழுவதுதான் வழி. அடுத்த தப்பு, உயரத்துக்கு ஆசைப்பட்டு வீச்சை நீட்டுவது. கைகளை உள்ளே இழுக்கத் தாமதமாகும், சுற்றும் வேகம் வராது. மேலே இருப்பதே ஏறத்தாழ 0.7 நொடி. அதில் பத்தில் ஒரு பங்கை இழந்தால் கால் சுற்றுக்கு மேல் போச்சு.

நேற்றைய தாவலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பனியை விட்ட உடனே கைகள் நெஞ்சோடு ஒட்டிவிடுகின்றன, கணுக்கால்கள் குறுக்காகப் பூட்டிக்கொள்கின்றன. இறங்கும்போது வலது பிளேடின் முன்பகுதி தொட்டதும் இடது கால் பின்னால் நீளமாகத் திறக்கிறது. அந்தத் திறப்புதான் மிச்சமிருக்கும் சுற்று வேகத்தை விழுங்குவது. அதற்கு நேரம் கிடைக்கிறது என்றால், சுற்று மேலேயே முடிந்துவிட்டது என்று பொருள்.

---

ஆறுபுள்ளிகாலம் | 24 மார்ச்

எல்லோரும் தங்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்தப் போட்டியே சியாவ் ஹிம் ஃபாதான்.

ஷார்ட்டில் பத்தொன்பதாம் இடம். ஃப்ரீக்கு 24 பேர்தான் போக முடியும். ஆறு இடம் தள்ளிப் போயிருந்தால் அன்றே மூட்டை கட்டியிருக்க வேண்டும். 24 பேரை ஆறு ஆறாகப் பிரித்து, ஷார்ட்டில் பின்தங்கியவர்களை முதலில் இறக்குவார்கள். ஐரோப்பியச் சாம்பியனான இவர் முதல் குழுவில் ஆடினார். ஆடி முடித்து 206.90 வாங்கிக்கொண்டு, மீதி மூன்று குழுவும் ஆடும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஃப்ரீயில் மட்டும் பார்த்தால் இரண்டாம் இடம், ககியாமாவுக்கும் மேலே.

பழைய 6.0 முறையில் இது நடந்திருக்கவே நடக்காது. அதில் புள்ளி கூடுவதில்லை, இடம்தான் கூடும். ஷார்ட்டின் இடத்தில் பாதியையும் ஃப்ரீயின் இடத்தையும் கூட்டி, குறைவாக வருபவர் வெல்வார். இவருக்கு 19-இல் பாதி 9.5, அதோடு 2, ஆக 11.5. ககியாமாவுக்கு 1 + 3 = 4. மாலினினுக்கு 1.5 + 1 = 2.5. 11.5-ஐ வைத்துக்கொண்டு மேடையைத் தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். 2004-இல் முறை மாறிய பிறகு, கெட்ட ஷார்ட்டின் விலை எவ்வளவு புள்ளியோ அவ்வளவுதான். எத்தனை பேர் முந்தினார்கள் என்பது கணக்கில் இல்லை. புதிய முறையைக் குறை சொல்பவர்கள் இந்த வெண்கலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

---

சறுக்குப்பாதை | 24 மார்ச்

அது சரிதான், ஆனா சியாவ் ஹிம் ஃபா ஃப்ரீயில போட்ட அந்தப் பின்பல்டி? விதிப்படி தடை செஞ்ச அம்சம், 2 புள்ளி கழிவு. தெரிஞ்சே போட்டார். ஜனவரியில கௌனஸ் ஐரோப்பியப் போட்டியிலயும் போட்டார். அங்க முன்னணியில இருந்தார், பரவாயில்ல. இங்க பதக்கத்துக்கு ஒவ்வொரு பத்தில் ஒரு புள்ளியும் தேவைப்படற நிலையில ரெண்டு புள்ளியைத் தூக்கிப் போட்டது எனக்கு ஒப்பல.

---

ஆறுபுள்ளிகாலம் | 24 மார்ச்

கணக்கைப் பாருங்கள் தோழர். 206.90 என்பது 2 கழித்த பிறகு வந்தது. மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடைவெளி 3.54. பல்டி போடாமல் இருந்தாலும் 286.39; அப்போதும் வெண்கலம்தான், வெள்ளிக்கு இன்னும் 23-க்கு மேல் வேண்டும். அது அவருடைய இடத்தை ஒரு படிகூட மாற்றவில்லை.

---

சறுக்குப்பாதை | 24 மார்ச்

இப்போ கணக்குப் போட்டா அப்படித்தான் வரும். அவர் பல்டி போட்டப்போ இன்னும் குறைஞ்சது 18 பேர் ஆட வேண்டியிருந்தது. உனோ 173 எடுப்பார்னு அவருக்கு எப்படித் தெரியும்? உனோ 4 புள்ளி அதிகமா எடுத்திருந்தா நாம இப்போ பேசறதே வேற மாதிரி இருந்திருக்கும்.

---

ஆறுபுள்ளிகாலம் | 24 மார்ச்

ஒத்துக்கொள்கிறேன், அந்த நேரத்தில் அது துணிச்சலான செலவுதான். நான் கேட்பது வேறு: அந்தத் தடையே எதற்கு? 1976-இல் டெர்ரி குபிக்கா போட்டார், அடுத்த வருஷம் தடை வந்தது. 1998 நகானோவில் சூர்யா போனாலி ஒரே காலில் இறங்கிக் காட்டினார். சியாவ் ஹிம் ஃபாவும் ஒரு காலில்தான் இறங்குகிறார். நாலரைச் சுற்றுச் சுற்றி விழலாம், ஆபத்து இல்லை. பல்டி மட்டும் ஆபத்து என்பது எனக்குப் புரியவில்லை.

---

விளிம்புக்கோடு | 25 மார்ச்

உனோவைப் பற்றி யாரும் எழுதவில்லை, மனசு கேட்கவில்லை. 2022, 2023 இரண்டு வருஷமும் உலகச் சாம்பியன். இங்கே ஷார்ட்டில் 107.72, அந்த நாளின் மிக நல்ல ஆட்டம். ஃப்ரீயில் 173.13. ஷார்ட்டில் முதல், மொத்தத்தில் நான்கு.

ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டத்தையும் நிமிர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இவரும் சியாவ் ஹிம் ஃபாவும் இரண்டு பக்கச் சாட்சி. ஷார்ட்டில் வெறும் மூன்று தாவல் அம்சம்: ஒரு ஆக்ஸல், ஒரு தனித் தாவல், ஒரு காம்பினேஷன். தனித் தாவல் ட்ரிபிளாகவோ குவாடாகவோ இருந்தே தீர வேண்டும். காற்றில் பயந்து உடம்பைத் திறந்து இரட்டைச் சுற்றோடு இறங்கினால் அந்த அம்சத்துக்குச் சுழி. விழுந்தால்கூட ஏதோ கிடைக்கும், பாதியில் திறந்தால் ஒன்றுமே இல்லை. ஃப்ரீயில் அப்படி இல்லை; இரட்டை ஆனாலும் அதன் மதிப்பு கிடைக்கும், அடுத்து ஆறு வாய்ப்பு இருக்கும். 77.49 போன்ற எண் ஷார்ட்டில் பெரிய ஆட்டக்காரருக்கும் வருவது இந்தக் குறுகலால்தான்.

---

மெல்லிசை | 25 மார்ச்

ஜேசன் பிரவுனுக்கும் ஒரு வரி எழுதுங்கள். குவாட் ஒன்றுகூட இல்லாமல் ஐந்தாம் இடம். ஆறு குவாட் போட்டவர் சாம்பியனான அதே இரவில்! அவருடைய ஸ்டெப் சீக்வென்ஸில் (காலடிகளின் தொடரில்) ஒரு திருப்பம்கூட இசைக்கு முன்னாலோ பின்னாலோ விழாது. சுழற்சியில் வேகம் குறையாமல் நிலை மாறுகிறது. இதற்கெல்லாம் இன்னும் அதிகம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

நாலரைச்சுற்று | 25 மார்ச்

மெல்லிசை, உங்க ஆதங்கம் நியாயம். ஆனா அமைப்பே அதுக்கு இடம் வைக்கல. இப்போ கம்போனென்ட் (தாவலுக்கு அப்பால் மொத்த ஆட்டத்தோட தரத்துக்குத் தர்ற மதிப்பெண்) மூணுதான்: கம்போசிஷன், பிரசென்டேஷன், ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ். ஒவ்வொண்ணுக்கும் பத்து, ஆண்கள் ஃப்ரீக்கு 3.33-ஆல பெருக்கணும். உச்ச வரம்பு 99.90.

மூணுலயும் 9.50 வாங்கற ஒருத்தருக்கு 94.91. மூணுலயும் 8.80 வாங்கறவருக்கு 87.91. 9.50-க்கும் 8.80-க்கும் நடுவுல இருக்கறது ஒரு வாழ்நாள் உழைப்பு. புள்ளியில அது 7. ஆறு குவாடையும் அதே வகை ட்ரிபிளோட ஒப்பிட்டா வித்தியாசம்: ஆக்ஸல் 4.50, ரெண்டு லுட்ஸ் 11.20, லூப் 5.60, சால்கோ 5.40, டோ 5.30. மொத்தம் 32. கடைசி மூணு அம்சத்துக்கான கூடுதலைச் சேர்க்காமலே! கம்போனென்ட்டுக்கு மேல வரம்பு இருக்கு, தாவல் பக்கம் அப்படி ஒரு கூரை இல்ல.

---

மெல்லிசை | 25 மார்ச்

நீங்கள் போட்ட கணக்கே என் வாதம். ஒரே குவாடைக் கூடுதலாகப் போட்டால், கம்போனென்ட்டில் வருஷக்கணக்காகச் சேர்த்ததில் முக்கால்வாசி போய்விடுகிறது. பெருக்கும் எண்ணை உயர்த்தினால் என்ன குறைந்துவிடும்?

---

பனிவாள் | 25 மார்ச்

உயர்த்தினால் ஒரு சிக்கல் வரும். தாவலை ஒரு பேனல் மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்கிறது. கம்போனென்ட்டை அப்படிச் சரிபார்க்க வழியே இல்லை. ஒன்பது ஜட்ஜ் போடும் எண்ணில் உச்சத்தையும் அடியையும் நீக்கி, மீதி ஏழின் சராசரி. நடைமுறையில் தாவல் சுத்தமாக விழுந்தவருக்குக் கம்போனென்ட்டும் கூடவே ஏறுகிறது. அந்தப் பழக்கம் மாறாமல் பெருக்கும் எண்ணை மட்டும் உயர்த்தினால், தாவல்காரருக்கே இரண்டு தடவை பரிசு கொடுத்ததாகும். பிரவுன் போன்றவர்களுக்கு உதவாது. முதலில் ஜட்ஜுகள் மூன்று கம்போனென்ட்டையும் தனித்தனியாகப் போடப் பழகட்டும். இன்று ஒரே ஆளுக்கு மூன்றும் பெரும்பாலும் அரைப் புள்ளிக்குள்ளேயே நிற்கின்றன.

---

தாமரைத்தடம் | 25 மார்ச்

மதிப்பெண் தாளை இறக்கிவைத்துப் படிக்கப் பார்க்கிறேன். குறிகளுக்கு யாராவது உரை எழுதினால் நல்லது.

---

விளிம்புக்கோடு | 25 மார்ச்

இடமிருந்து வலமாகப் போங்கள். முதலில் அம்சத்தின் பெயர், அடுத்து பேனல் போட்ட குறி, அடிப்படை மதிப்பு, ஜி.ஓ.இ., பிறகு ஒன்பது ஜட்ஜின் எண், கடைசியில் வரிக்கான மொத்தம்.

‘கியூ’ என்றால் சரியாகக் கால் சுற்று குறைவு. மதிப்பு அப்படியே இருக்கும், ஜி.ஓ.இ.யில் வெட்டு. ஒற்றை அம்புக்குறி என்றால் கால் சுற்றுக்கு மேல், அரைக்குள். மதிப்பில் 80 சதவீதம். இரட்டை அம்புக்குறி என்றால் அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைவு. குவாடை ட்ரிபிளாகவே எண்ணுவார்கள். ‘ஈ’ குறி லுட்ஸிலும் ஃப்ளிப்பிலும் மட்டும் வரும்: எழும்பும் விளிம்பு தவறு. லுட்ஸுக்கு இடது காலின் பின் வெளி விளிம்பு. எழும்பும் நேரத்தில் கணுக்கால் உள்ளே சரிந்தால் அது ஃப்ளிப் ஆகிவிடும். அதற்கும் 80 சதவீதம். ஆச்சரியக்குறி என்றால் விளிம்பு தெளிவில்லை, மதிப்பு குறையாது. ‘எக்ஸ்’ என்றால் பின்பாதிக் கூடுதல் கிடைத்த தாவல். நட்சத்திரம் கண்டால் அந்த அம்சம் செல்லாது.

ஜி.ஓ.இ. ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம். காம்பினேஷனில் எந்தத் தாவல் பெரிதோ அதன் மதிப்பில்தான் சதவீதம், மொத்தத்தில் அல்ல. நிறையப் பேர் தப்புவது இங்கேதான்.

இன்னொன்று: டிவி கோணத்தை வைத்துக் ‘கியூ’ சண்டை வேண்டாம். பேனல் பார்ப்பது தனக்கென்று இருக்கும் கேமராவின் காட்சி. பிளேடு நம்மைப் பார்த்து இறங்கும்போது ஒரு மாதிரியும் பக்கவாட்டில் இறங்கும்போது வேறு மாதிரியும் தெரியும். கால் சுற்று என்பது 90 பாகை. கோணம் மாறினால் 20 பாகை கண்ணை ஏமாற்றிவிடும்.

---

சறுக்குப்பாதை | 26 மார்ச்

தாளைப் பொறுமையா உட்கார்ந்து படிச்சேன். ககியாமா 309.65-உடன் ரெண்டாவது வந்ததை நாம யாருமே கொண்டாடல. 2022-23 சீசன் பெரும்பாலும் காயத்துலயே போச்சு அவருக்கு. திரும்பி வந்த முதல் முழு சீசன்லயே 300-ஐத் தாண்டி வெள்ளி. முழங்கால் மடக்கம் பாருங்க, இறங்கும்போது சத்தமே இல்லாம பனிக்குள்ள புதையற மாதிரி இருக்கு. இறங்கின வேகத்தோடயே அடுத்த அடி போறார். கரோலினா கோஸ்ட்னர் பயிற்சிக்கு வந்த பிறகு மேலுடம்பும் சேர்ந்து பேசுது. அடுத்த வருஷம் இவர்கிட்ட இருந்து இன்னும் வரும்.

---

விளிம்புக்கோடு | 12 மே

ஷோமா உனோ ஓய்வு அறிவித்துவிட்டார். 2016-இல் உலகின் முதல் குவாட் ஃப்ளிப்பை இறக்கியவர். அதே ஆண்டு ஹன்யூ முதல் குவாட் லூப்பை இறக்கியது மான்ட்ரியலில். உனோவின் கடைசிப் போட்டியும் அதே ஊரில் அமைந்துவிட்டது. அந்த ஷார்ட்டை இன்னொரு தடவை பார்த்தேன். 107.72-இல் ஒரு பத்தில் ஒன்றுகூட மிகையில்லை.

---

ஆறுபுள்ளிகாலம் | 20 ஜூன்

@சறுக்குப்பாதை, 2024-25 சீசனிலிருந்து பின்பல்டி தடைப் பட்டியலில் இல்லை. 2 புள்ளிக் கழிவு போய்விட்டது. ஆனால் அதற்கென்று தனி மதிப்பும் கிடையாது. தாவலாக எண்ண மாட்டார்கள்.

---

சறுக்குப்பாதை | 20 ஜூன்

பார்த்தேன் தோழர், சந்தோஷம். இனி அவர் எந்தக் குழுவுல ஆடினாலும் கணக்குப் போடாம நிம்மதியாப் பார்க்கலாம். அந்த ஒரு கால் பல்டியை கோரியோகிராஃபிக் சீக்வென்ஸுக்குள்ள (இசைக்கேத்த நடன அசைவுகளோட தொடர்) வச்சா, அதோட அடிப்படை மதிப்பு 3.00-க்கு மேல ஜட்ஜுகள் ஜி.ஓ.இ. தர வாய்ப்பு இருக்கு. சியாவ் ஹிம் ஃபா அதை எங்க வைக்கறார்னு பார்ப்போம்.